ஆரம்பப் பாடசாலையில் சரித்திரப் பயிற்சி: ஊரிலிருந்து தேசத்துக்கு

கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் எதற்கு என்னும் கேள்வி கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் பலருடைய மனத்தில் எழுவது இயல்பே. எழுத்துக் கற்றால் கடிதம் படிக்கலாம். கணக்குக் கற்றால் கடன் சீட்டில் வட்டி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுகாதாரம் கற்றால் நோய் அணுகாமற் காத்துக்கொள்ளலாம். இறந்துபோன அரசர்களின் பெயர்களை நெட்டுருப் பண்ணுவதனால் கரிசற் காட்டில் ஒரு பொதிப் பருத்தியாவது கூடுதலாக விளையுமா என்று கேட்பவர் உண்டு. சரித்திரம் என்பது அரசர் பெயர்களை நெட்டுருப் பண்ணுவதே ஆனால், இக்கேள்விக்கு விடை இல்லை. ஆனால் சரித்திரம் அதுவன்று.

விருதுநகர் ஜில்லாவில் வெம்பக்கோட்டையை அடுத்துள்ள ஆலங்குளத்தையும் அதன் சுற்று வட்டாரத்தையும் உதாரணமாகக் கொண்டு, ஆரம்பப் பாடசாலைச் சிறுவர் சிறுமியருக்குப் பிராந்திய சரித்திரத்தையும் தேச சரித்திரத்தையும் எவ்விதம் இணைத்துக் கற்பிக்கலாம் என்பதும், அதில் சங்க அங்கத்தினர் செய்யக்கூடிய உதவி யாது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

சரித்திரமும் சங்கத்தின் கணக்கும்

ஒரு சங்கத்தின் காரியதரிசி, இன்ன அங்கத்தினர் இவ்வளவு கடன் திருப்பிச் செலுத்தினார் என்று வாயால் சொன்னால் தணிக்கையாளர் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. ரசீது எங்கே, தேதி என்ன, பேரேட்டில் பதிந்திருக்கிறதா, பணம் பெற்றவர் கையொப்பம் உண்டா என்று கேட்கிறார். இரண்டு கணக்குகள் முரண்பட்டால் எது முந்தி எழுதப்பட்டது, எழுதியவருக்கு அதில் லாபம் ஏதும் உண்டா என்று ஆராய்கிறார். சரித்திரம் கற்பது என்பது முன்னோர் வாழ்க்கையைப்பற்றி இதே கேள்விகளைக் கேட்கக் கற்பதாகும். எவர் சொன்னது, எப்பொழுது சொன்னது, வேறு சாட்சியம் உண்டா என்று ஒன்பது வயதில் கேட்கப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் பொய்க் கணக்கிலும் ஏமாறுவதில்லை, பொய்ப் பேச்சிலும் ஏமாறுவதில்லை. நாணயத்தையும் நம்பிக்கையையும் மூலதனமாகக் கொண்டு நடக்கும் கூட்டுறவு இயக்கத்திற்கு இதைவிட வேண்டிய பயிற்சி வேறில்லை.

முன்னாளில் கற்பித்த முறை

நம் நாட்டில் கல்வி புதிதாக வந்த பொருளன்று. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ம் வருஷத்தில் ஒவ்வொரு ஜில்லாக் கலெக்டரிடமிருந்தும் பள்ளிக்கூடங்களின் தொகையைக் கேட்டு வாங்கினார். 1826-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன, ஜனத்தொகை 1,28,50,941. அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெரும்பாலும் திண்ணைகளில் நடந்த இப்பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிப் பின் ஓலைக்கு வந்தார்கள். எண்சுவடியும் நீதி நூல்களும் மனனம் செய்தார்கள். பெண்களில் மிகச் சிலரே பள்ளிக்கு வந்தனர் என்பதையும் அக்குறிப்பே கூறுகிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் திண்ணையில் இடமே இல்லை.

பின்னர் ஏற்பட்ட சர்க்கார் பாடத்திட்டங்களில் சரித்திரம் ஒரு பாடமாயிற்று. ஆனால் அச்சரித்திரம் பெரும்பாலும் அரசர்கள், கவர்னர் ஜெனரல்கள், யுத்தங்கள் ஆகியவற்றின் ஜாபிதாவாக இருந்தது. பிள்ளை வாழும் ஊருக்கும் அந்த ஜாபிதாவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டுக்குப் பின்னர், டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த கமிட்டி ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. சரித்திரம், பூகோளம், குடிமைப் பயிற்சி மூன்றையும் சேர்த்து ஒரே பாடமாக, பிள்ளையின் சுற்றுப்புறத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கவேண்டும் என்று அத்திட்டம் கூறிற்று. இப்பொழுது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மூன்றாம் வகுப்பு முதல் சமூக அறிவியல் தனிப் பாடமாக அமைந்திருப்பதும் இந்தக் கருத்தை ஒட்டியதே. நூல் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. அதனை ஒவ்வோர் ஊருக்கும் பொருத்திக் காட்டும் வேலை உபாத்தியாயருடையது; அவருக்குக் கைகொடுக்கும் வேலை ஊராருடையது.

அருகிலிருந்து தொலைவுக்கு

சிறு பிள்ளைக்கு நேற்று என்பது தெரியும். போன தீபாவளி என்பது தெரியும். ஆயிரம் வருஷம் என்பது தெரியாது. ஆகையால் பாடம் அருகிலிருந்து தொலைவுக்குப் போகவேண்டும்.

முதலிரண்டு வகுப்புகளில் வீடே பாடம். பாட்டி வீட்டில் வைத்திருக்கும் உரல், திரிகை, மரக்கால், பழைய செம்புக் காசு ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளை கொண்டுவந்து காட்டி, இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது, இப்பொழுது ஏன் பயன்படவில்லை என்று சொல்லட்டும். மூன்றாம் வகுப்பில் ஊரே பாடம். ஆலங்குளம் என்னும் பெயரிலேயே ஆலும் குளமும் இருக்கின்றன. தென்காசி ஜில்லாவிலும் இதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. நீரையும் நிழலையும் நாடியே மனிதர் குடியேறினர் என்னும் பெரிய சரித்திர உண்மையை ஓர் ஊர்ப் பெயரைக்கொண்டே பிள்ளைகள் ஊகித்து அறியக்கூடும். ஊரில் 1970-ம் வருஷத்தையொட்டி சிமெண்டு ஆலை ஏற்பட்டது ஏன் என்று கேட்டால், மண்ணுக்கு அடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லைப்பற்றிப் பேச்சு வரும். பூகோளமும் சரித்திரமும் கைகோத்து வரும்.

நான்காம் வகுப்பில் வட்டாரம் பாடமாகும். ஐந்தாம் வகுப்பில் மாநிலமும் தேசமும் பாடமாகும். ஒவ்வொரு படியிலும் முந்தின படி மறக்கப்படாமல், தேசத்தில் நடந்த இன்ன காரியத்தின்போது நம் ஊரில் என்ன நடந்தது என்ற கேள்வி கூடவே வரவேண்டும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1885-ம் வருஷம். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியது. அதே வருஷத்தில் அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை நிறுவப்பட்டது. வியாபாரிகள் தங்கள் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்ட மகமை என்னும் பொதுப் பணத்தைக் கொண்டு அது நடந்தது. தேசம் ஒன்றுபடத் தொடங்கிய வருஷத்திலேயே ஒரு சிறு பட்டணத்தார் பொது நிதியால் பள்ளி கண்டனர் என்று கேட்கும் பிள்ளை, அவ்வருஷத்தை எளிதில் மறவாது. 1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்த காமராசர் அப்பள்ளியிற் படித்தவரே. படிப்பைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்த அவர், 1954-ம் வருஷத்தில் முதல் மந்திரியானபின் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் எளிய கிராமங்களுக்குப் பள்ளியும் கொடுத்தார்.

பழைய பத்திரம் சொல்லும் பாடம்

சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் அங்கத்தினர் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கும் பழைய கிரயப் பத்திரங்களும் அடமானப் பத்திரங்களும் நல்ல சரித்திரப் பாடநூல்கள் ஆகும். ஒரே நிலத்தைப்பற்றிய பத்திரங்களை வருஷ வரிசையில் வைத்துப் பார்த்தால், ஊர் ஓரடியும் நகராமல் இருக்க, அதன் விலாசம் மட்டும் பலமுறை மாறியிருப்பது தெரியும்.

சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களில் 1910-க்கு முற்பட்ட பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்று இருக்கும். 1910-ம் வருஷத்தில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது. ஆகவே அதற்குப் பிந்திய பத்திரங்களில் இராமநாதபுரம் ஜில்லா என்று காணப்படும். 1985-ம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி அது பிரிக்கப்பட்டபோது இப்பகுதி காமராசர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1997-ல் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று.

மேலே உள்ள ராஜ்யத்தின் பெயரும் அவ்வாறே மாறியிருக்கிறது. சென்னை ராஜதானி, 1950 ஜனவரி 26-ல் அரசியற் சட்டம் அமலுக்கு வந்ததும் சென்னை ராஜ்யம் ஆயிற்று. அதற்குத் தமிழ்நாடு என்று பெயரிடவேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ந் தேதி உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13-ந் தேதி உயிர் நீத்தார். 1967-ல் சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் வழக்கில் வந்தது.

இவ்வளவும் ஒரு விலாசத்தில் அடங்கியிருக்கிறது. உபாத்தியாயர் இதனைப் பிரசங்கமாகச் சொல்லாமல், நான்கு பத்திரங்களைக் கொடுத்து, இவற்றில் எது மூத்தது, எது இளையது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லவேண்டும். பத்திரத்தின் உள்விவகாரம் சொந்தக்காரரின் அந்தரங்கம் ஆதலால், அவர் சம்மதத்துடன் தலைப்பு வரிகளை மட்டும் பெயர்த்தெழுதிக் கொடுப்பது உசிதம்.

ஒரு தீப்பெட்டியில் ஒரு சரித்திரம்

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டியைவிடப் பழக்கமான பொருள் இல்லை. அதனையே ஒரு வாரப் பாடமாக்கலாம்.

முதல் நாள், தீப்பெட்டிக்கு முன் மனிதர் நெருப்பை எவ்வாறு காத்தனர் என்று முதியவரைக் கேட்டு வரச் சொல்லலாம். இரண்டாம் நாள், உரசி எரியும் குச்சியை 1827-ம் வருஷத்தையொட்டி இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்னும் மருந்து வியாபாரி விற்கத் தொடங்கினார் என்பதும், பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசினால் பற்றும் அபாயமற்ற குச்சி பின்னர் ஸ்வீடன் தேசத்தில் உருவாயிற்று என்பதும் உலகப் படத்தில் காட்டப்படலாம். இந்தியர் நெடுநாள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகளையே வாங்கினர்.

மூன்றாம் நாள் சுதேசி இயக்கத்தைப்பற்றிய பாடம். 1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டதையொட்டி எழுந்த அவ்வியக்கம் உள்நாட்டுத் தொழில்களில் ஊக்கம் உண்டாக்கிற்று. கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டியின்மேல் வரி உயர்த்தப்பட்டது. இச்சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-ம் வருஷத்தையொட்டித் தம் ஊரில் அதனைத் தொடங்கினர். மழை குறைந்த, காற்று உலர்ந்த வட்டாரமாதலால் குச்சியும் மருந்தும் விரைவில் காய்ந்தன. விவசாயம் நம்பத்தகாததாயிருந்தமையால் வேலைக்கு ஆட்களும் கிடைத்தனர். பெட்டிக்குச் சீட்டு வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது; இரண்டாவது உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு வாணங்களின் வரவு நின்றபோது பட்டாசுத் தொழில் வளர்ந்தது.

நான்காம் நாட் பாடம் கடினமானது, ஆயினும் விடத்தக்கதன்று. இத்தொழிலின் பெருமையைச் சொல்லும் உபாத்தியாயர், அதில் பல்லாண்டு காலம் சிறு பிள்ளைகளின் விரல்கள் உழைத்தன என்பதையும் சொல்லவேண்டும். விடியுமுன் தொழிற்சாலை வண்டியில் ஏறி, இருட்டியபின் வீடு திரும்பிய பிள்ளைகள் இவ்வட்டாரத்தில் இருந்தனர். அவர்களிற் பலர் இன்று தாய் தந்தையராகவும் பாட்டன் பாட்டியராகவும் நம்மிடையே உள்ளனர். 1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அபாயத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதவர்களை வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகளைப்பற்றி எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்று விதித்தது. 2010 ஏப்ரல் முதல் தேதி தொட்டு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி சட்டப்படி உரிமையாயிற்று.

இந்தப் பாடத்தின் முடிவில், தான் பள்ளிக்கூடத்துப் பலகையில் உட்கார்ந்திருப்பதே ஒரு சரித்திர நிகழ்ச்சி என்பதைப் பிள்ளை உணரும். தன் பாட்டிக்குக் கிடைக்காதது தனக்கு எவ்வாறு கிடைத்தது, யார் யார் அதற்காக உழைத்தனர் என்று எண்ணிப் பார்க்கும். தேச சரித்திரம், சட்ட சரித்திரம், வீட்டுச் சரித்திரம் மூன்றும் அங்கே ஒன்றாகின்றன.

கயிற்றினால் காலம் அளத்தல்

வருஷ எண்களைச் சொல்லுவதனால் மட்டும் சிறு பிள்ளைக்குக் காலத்தின் நீளம் விளங்காது. இதற்குச் செலவில்லாத ஒரு சாதனம் உண்டு. இருபது முழக் கயிறு ஒன்றை வகுப்பறைச் சுவரிலோ மரத்தடியிலோ கட்டி, ஒரு முழம் நூறு வருஷம் என்று வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு நுனி இன்றைய நாள். சுதந்திரம் வந்த 1947 முதல் முழத்துக்குள்ளேயே அமைந்துவிடும். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட 1801, இரண்டு முழத்துக்குச் சற்று அப்பால் வரும். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010, பத்து முழத்தை ஒட்டி நிற்கும். சங்க காலத்தைக் காட்டக் கயிற்றின் மறு நுனிவரை நடந்து செல்லவேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிள்ளைகளே ஓர் அட்டையில் படம் வரைந்து தொங்கவிடட்டும். காந்தியடிகளும் கரிகாலனும் ஒரே காலத்தவர் என்று எண்ணும் மயக்கம் இதனால் நீங்கும்.

மனனம் செய்யவேண்டிய வருஷங்கள் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பத்துக்கு மேற்படவேண்டியதில்லை. அவ்வருஷத்தில் நடந்தது ஏன் நடந்தது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்த பிள்ளையே சரித்திரம் அறிந்த பிள்ளை.

காலடியில் உள்ள சான்று

ஆலங்குளத்துக்கு அருகே, வைப்பாற்றங் கரையில், விஜயகரிசல்குளத்தைச் சேர்ந்த மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையார் 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அகழாய்வு தொடங்கினர். வெம்பக்கோட்டை அகழாய்வு என்று வழங்கும் இவ்வேலையில் நுண்கற் கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தந்தத்தாலான பொருள்கள், பொன் அணித்துண்டுகள் முதலியன அகப்பட்டன. சங்கு கடலிலிருந்து வருவது. வெம்பக்கோட்டையிலோ கடல் இல்லை. அப்படியாயின் சங்கு எவ்வழியே வந்தது, யார் கொண்டுவந்தார், அதற்கு ஈடாக என்ன கொடுத்தார் என்று உபாத்தியாயர் கேட்பாராயின், பழங்கால வாணிபம் முழுவதும் பிள்ளைகளின் ஊகத்திலேயே உருவாகும். ஊகத்தைச் சான்று ஆமோதிக்கும் இடமும் ஆமோதிக்காத இடமும் எவை என்று பிரித்துக் காட்டுவது உபாத்தியாயரின் கடமை.

இவ்விஷயத்தில் ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழம் காசும் அணியும் புதையலாகக் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ம் வருஷத்துப் புதையற் சட்டத்தின் விதி. பானை ஓடும் எழுத்து வெட்டிய கல்லும் பணமதிப்பு இல்லாதனவாயினும் சரித்திர மதிப்பு மிக்கவை. கோயிற் சுவர்க் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுவதும், நடுகல்லைத் துணி துவைக்கும் கல்லாக்குவதும் ஊரின் மூலப் பத்திரத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

வீரர் எவருக்கு உரியர்?

பிராந்திய சரித்திரம் கற்பிப்பதில் ஒரு பேரிடர் உண்டு. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தென்பாண்டி நாட்டில் வீரர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சாதியார் தமக்கே உரியவர் என்று கொண்டாடும் வழக்கம் வலுத்திருக்கிறது. வீட்டில் கேட்ட சாதிப் பெருமையைச் சிறுவர் பள்ளிக்குக் கொண்டுவருகின்றனர். அங்கே அது பூசலாகிறது. உபாத்தியாயர் அஞ்சி உள்ளூர்ச் சரித்திரத்தையே விட்டுவிட்டால், அந்த இடத்தைச் சுவரொட்டியும் மேடைப் பேச்சும் நிரப்பும். ஆகையால் விடுவது பரிகாரமாகாது. சான்றோடு சொல்வதே பரிகாரம்.

மருது சகோதரர் கதையே இதற்கு நல்ல மருந்து. அவ்விருவர் பிறந்த இடம் இன்றைய விருதுநகர் ஜில்லாவின் எல்லைக்குள், நரிக்குடிப் பக்கத்தில் உள்ளது. 1801 ஜூன் 16-ந் தேதி சின்ன மருதுவின் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிற் சுவரிலும் ஒட்டப்பட்ட அறிக்கை, கும்பெனியாரை எதிர்க்குமாறு நாட்டில் உள்ள எல்லா வருணத்தாரையும் முஸல்மான்களையும் ஒருங்கே அழைத்தது. ஒரு சாதியாரை மட்டும் அது அழைக்கவில்லை. அவ்வருஷம் அக்டோபர் 24-ந் தேதி அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எல்லோரையும் அழைத்தவரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடுவது பொருந்துமா என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

பெருமைக்குரியவற்றோடு வெட்கத்துக்குரியவற்றையும் வயதுக்கேற்ற அளவில் சொல்லவேண்டும். கோயிலுக்குள் போகக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் இருந்தனர். 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு பிரவேசித்தார். 1899-ல் சிவகாசியில் சாதிக் கலகம் மூண்டு வீடுகள் எரிந்தன. இதன் விவரங்கள் சிறு வகுப்புக்கு ஏற்றவையல்ல. ஆயினும், கோயிலுக்குள் செல்லும் உரிமையைப்பற்றிய வழக்கும் பகையும் ஒரு காலத்தில் ஊரை எரித்தன, இன்று அதே தெருவில் எல்லாரும் கடை வைத்திருக்கின்றனர் என்ற அளவில் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லலாம். குற்றத்தை ஒரு வகுப்பார் தலையில் சுமத்தாமல், அக்கால வழக்கம் எது, அது எவ்வாறு மாறிற்று என்று காட்டவேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் தலை குனியும்படி ஒரு சொல்லும் வரலாகாது.

சங்க அங்கத்தினர் செய்யக்கூடியவை

1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது முதல் நம் மாகாணத்துக் கிராமங்களில் சங்கங்கள் நடந்து வருகின்றன. கிராமக் கல்வியில் ஊராரின் கைப்பொருள் சேர்ந்தபோதெல்லாம் பெரும்பலன் விளைந்திருக்கிறது. விருதுநகரின் மகமை ஒரு சாட்சி. 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில் ஊரார் கட்டிடமும் மேசையும் மணியும் வாரி வழங்கியது மற்றொரு சாட்சி. சரித்திரப் பயிற்சிக்கு அவ்வளவு செலவும் தேவையில்லை. பின்வருவன போதும்.

1. பழைய தீர்மானப் புத்தகங்கள், பேரேடுகள், பத்திரங்கள் ஆகியவற்றைக் கறையானுக்கு விடாமல் உலர்ந்த இடத்தில் வைத்து, வருஷ வரிசைப்படி ஒரு ஜாபிதா எழுதி வைத்தல். உபாத்தியாயர் கேட்கும்போது சங்க அலுவலகத்திலேயே வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுதல்.

2. மாதம் ஒருமுறை ஊர் முதியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவந்து, பஞ்சம், மழை, சந்தை, முதல் பேருந்து, மின்சாரம் வந்த நாள் முதலியவற்றைப்பற்றிச் சொல்லச் செய்தல். ஆண்களைப்போலவே பெண்களும் பேசவேண்டும். கிணற்றடியையும் தீப்பெட்டி ஆலையையும்பற்றிப் பெண்களே நன்கு அறிவர்.

3. சட்டமும் துணைவிதிகளும் இடம் தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து ஓர் உலகப் படம், ஓர் இந்தியப் படம், ஒரு ஜில்லாப் படம் வாங்கிக் கொடுத்தல். வருஷத்துக்கு ஒரு நாள் விருதுநகரில் உள்ள காமராசர் இல்லத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காணவோ பிள்ளைகளை அழைத்துச் செல்ல வண்டிச் செலவு தருதல்.

4. ஊர்ப் பெயர், குளத்தின் பெயர், தெருப் பெயர், நடுகல், கல்வெட்டு ஆகியவற்றைப் பிள்ளைகள் எழுதும் கையெழுத்துப் பிரதியாகத் தொகுத்து, அதன் ஒரு பிரதியைச் சங்கத்தில் வைத்தல்.

5. பட்டாசுப் பருவம் வந்தாலும் அறுப்புக் காலம் வந்தாலும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில்லை என்று அங்கத்தினர் தமக்குள் உறுதி செய்துகொள்ளுதல். இது இல்லாவிடில் மேற்சொன்ன நான்கும் வீண்.

முடிவுரை

கடன் கொடுப்பதும் உரம் விற்பதும் மட்டுமே சங்கத்தின் நோக்கமன்று. ஒருவருக்கொருவர் நம்பி வாழும் ஊரை ஆக்குவதே அதன் நோக்கம். நம்பிக்கை சான்றின்மேல் நிற்பது. தன் ஊர் எவ்வாறு உண்டாயிற்று, யாருடைய உழைப்பால் நடந்தது, எங்கே தவறிற்று, எவ்வாறு திருந்திற்று என்று சான்றோடு அறிந்த பிள்ளை, நாளைக்குச் சங்கத்தின் பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்கும். பிறர் கேட்டால் கணக்குச் சொல்லும். இன்று ஆலங்குளத்துப் பள்ளித் திண்ணையில் இருபது முழக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுமி, மறு நுனியைப் பிடித்திருப்பவர்களும் தன்னைப்போலவே இம்மண்ணில் நடந்தவர்கள் என்று அறிந்துகொண்டால், சரித்திரப் பாடம் பலித்ததாகும்.